ரோமானியப் பொன்மொழிகளும் ஒரு ஷிப்ட் குரூப்பும்

என் சித்தப்பா மகன் கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாக வேலை செய்கிறான். எந்தக் கம்பெனி என்பது இந்தக் குறிப்புக்குத் தேவையில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி, இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தவன் எனக்கு வாட்ஸப்பில் ஒரு நீளமான செய்தியை அனுப்பினான். அன்றாட வாழ்வுக்கு ரோமானிய ஞானிகள் சொன்ன ஐம்பது பொன்மொழிகள் என்று தலைப்பு. முடிவில் கைகூப்பும் பொம்மை, ரெண்டு ரோஜாப்பூ. அதற்குக் கீழே அவன் கேட்டிருந்தது: "அண்ணே, இதெல்லாம் நெஜமாவே அவங்க சொன்னதா?"

இந்த மாதிரி ஃபார்வர்டுகளை அவன் படிக்கிற ஆளே கிடையாது. அதனால் போன் பண்ணிக் கேட்டேன். அன்றைக்கு மத்தியானம் அவனும் இன்னும் ரெண்டு பேரும் சூப்பர்வைசரிடம் போய் மாஸ்க் கார்ட்ரிஜை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். முகமூடியின் பக்கவாட்டில் திருகி மாட்டுகிற டப்பா அது. உள்ளே கரி இருக்கும். ரசாயன ஆவியை அந்தக் கரி பிடித்துவைத்துக்கொள்ளும். பிடிக்க இடம் இல்லாமல் நிரம்பிவிட்டால் ஆவி நேராக மூச்சுக்குள் வரும். வெளியே பார்த்தால் டப்பா புதுசு மாதிரியே இருக்கும். "சொல்லியிருக்கேன், வரும், கொஞ்சம் பொறுங்க" என்று பதில் வந்திருக்கிறது. அன்று ராத்திரியே ஷிப்ட் குரூப்பில் அதே சூப்பர்வைசர் இந்த ஐம்பது பொன்மொழிகளையும் போட்டிருக்கிறார்.

அவர் வேண்டுமென்றே போட்டாரா, தினமும் எதையாவது ஃபார்வர்டு பண்ணுகிறவர் அன்றைக்கு இதைப் போட்டாரா என்பது எனக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியாது. ஆனால் படித்தவர்களுக்கு அது பதிலாகத்தான் பட்டது. ஐம்பதில் ஒன்பதோ பத்தோ பொறுமையைப் பற்றியவை.

சரி, நிஜமாவே அவங்க சொன்னதான்னு பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ரெண்டு வாரம் ஓடிவிட்டது. பார்த்ததில் எனக்கே சில விஷயங்கள் தலைகீழாகிவிட்டன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டியலில் யார் இருந்தார்கள்

கொஞ்சம் ரோமோடு சம்பந்தமே இல்லாதவை. யாரோ எங்கேயோ எழுதியதில் ரோமானியப் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். அவற்றைத் தள்ளிவிட்டேன். மீதியில் சில செனெக்காவின் கடிதங்களிலிருந்து வந்தவை. பெரும்பகுதி இரண்டே இரண்டு பழைய தொகுப்புகளிலிருந்து வந்தவை. ஒன்று பப்ளிலியஸ் சைரஸ் பெயரில் உள்ள ஒற்றை வரிகள். இன்னொன்று கேட்டோவின் ஈரடிகள் என்று சொல்லப்படுவது.

ஃபார்வர்டில் இருவருமே 'ரோமானிய ஞானி'. அந்த இரண்டு சொல்லுமே சரியில்லை.

பப்ளிலியஸ்: பாதத்தில் வெள்ளைக் களிமண்

பப்ளிலியஸ் ரோமானியன் இல்லை. சிரியாவிலிருந்து இத்தாலிக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டவன். சைரஸ் என்றாலே சிரியாக்காரன் என்றுதான் அர்த்தம். கடல் கடந்து விற்பனைக்கு வந்த அடிமைகளின் பாதத்தில் வெள்ளைக் களிமண் பூசி அடையாளம் வைப்பது ரோமில் வழக்கம். அதைப் பற்றி எழுதுகிற இடத்தில் மூத்த பிளினி, அப்படி வந்து பின்னால் பேர் வாங்கியவர்களில் ஒருவனாகப் பப்ளிலியஸைக் குறிப்பிடுகிறார்.

அவன் எழுதியதும் நீதிநூல் இல்லை. நாடகம். அதிலும் உயர்ந்த வகை நாடகம் கிடையாது. மைம் என்று அதற்குப் பெயர். முகமூடி இல்லாமல், செருப்பு இல்லாமல் ஆடுவது. கள்ளக்காதல், ஏமாந்த புருஷன், கஞ்சன், தந்திரக்கார வேலைக்காரன் என்று போகும். நம்மூர்த் திருவிழாவில் கூத்துக்கு நடுவே கட்டியங்காரன் வந்து பண்ணுகிற கேலி இருக்கிறதே, அந்த ரகத்துக்குக் கிட்டே வரும்.

கி.மு. 46இல் ஜூலியஸ் சீசர் நடத்திய விழாவில் பப்ளிலியஸ் மற்ற எல்லா மைம்காரர்களையும் போட்டிக்குக் கூப்பிட்டு ஜெயித்தான். அந்தப் போட்டியில்தான் லேபரியஸ் என்கிற ஆளின் கதையும் வருகிறது. அவர் அறுபது வயதுக்காரர், குதிரைவீரர் வகுப்பு என்கிற கௌரவமான வகுப்பைச் சேர்ந்தவர். மைம் எழுதுவார், ஆனால் மேடை ஏறி நடிப்பது அவர் அந்தஸ்துக்கு இழுக்கு. சீசர் ஐந்து லட்சம் செஸ்டர்ஸ் பணம் தருவதாகச் சொல்லி நடிக்கக் கூப்பிட்டார். சர்வாதிகாரி 'கூப்பிட்டால்' என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். லேபரியஸ் சிரிய அடிமை வேடத்தில், சாட்டையடி வாங்கித் தப்பி ஓடுகிறவனாக மேடைக்கு வந்தார். ஊரே பயப்படுகிற ஒருவன் ஊருக்கே பயந்துதான் ஆகவேண்டும் என்ற அர்த்தத்தில் ஒரு வரி சொன்னார். மொத்தக் கூட்டமும் திரும்பிச் சீசரைப் பார்த்தது. பரிசு பப்ளிலியஸுக்குப் போனது. லேபரியஸுக்குப் பணமும், பறிபோன அந்தஸ்தைத் திருப்பித் தரும் தங்க மோதிரமும் கிடைத்தன. நானூறு வருஷத்துக்கும் மேல் கழித்து மக்ரோபியஸ் என்பவர் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, அந்த வரிக்கு அன்றைக்கு இருந்த வலு. யார் சொல்கிறார், யார் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதில்தான் அது இருந்தது. அதே வரியை காலண்டர் தாளில் அச்சடித்தால் 'ஆமாம், நல்ல கருத்து' என்று கிழித்துப் போட்டுவிடுவோம்.

பப்ளிலியஸின் நாடகங்கள் அழிந்துவிட்டன. அவற்றில் பாத்திரங்கள் பேசிய ஒற்றை வரிகள் மட்டும் பொறுக்கியெடுக்கப்பட்டு, முதலெழுத்து வரிசையில் அடுக்கப்பட்டு, பள்ளிக்கூடப் பாடமாகின. ஏறக்குறைய எழுநூறு வரி இன்றைக்குக் கிடைக்கிறது. சிறுவயதில் பள்ளியில் படித்த வரி என்று புனித ஜெரோம் இதில் ஒன்றை நினைவுகூர்கிறார். 1514இல் எராஸ்மஸ், கேட்டோவின் ஈரடிகளோடு சேர்த்து இவற்றையும் பதிப்பித்தார்.

எந்த வரியைக் கஞ்சன் பேசினான், எதை அடிமை பேசினான், எதை வில்லன் பேசினான் என்ற தகவல் முழுக்கப் போய்விட்டது. அதனால் இந்தப் பட்டியல் தனக்குத்தானே முரண்படுகிறது. நம்பு என்கிறது, நம்பாதே என்கிறது. கொடு என்கிறது, கொடுத்துக் கெடாதே என்கிறது. ஒரே ஞானி இப்படிப் பேசுவானா என்று கேட்டால் விடை சுலபம். பேசியது ஒரே ஆள் இல்லை. மேடையில் பத்துப் பேர் பேசியதை ஒருத்தன் வாயில் திணித்திருக்கிறோம்.

விட்டுப்போன ஒரு வரி

இங்கேதான் தம்பியின் கேள்விக்கு நேரடியாக ஒரு விடை கிடைத்தது.

ஃபார்வர்டில் மூன்றாவதாக இருந்தது நிஜமாகவே பப்ளிலியஸ் தொகுப்பில் உள்ள வரி. மாற்ற முடியாததைக் குறை சொல்லாமல் பொறுத்துக்கொள் என்பது அதன் கருத்து. அதே தொகுப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. பழைய அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டே இருந்தால் புது அநியாயத்துக்கு நாமே அழைப்பு வைக்கிறோம் என்பது அதன் கருத்து. ஃபார்வர்டின் ஐம்பதில் இது இல்லை.

சூப்பர்வைசர் தேடிப்பிடித்து நீக்கினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வரும்போதே அது இருந்திருக்காது. ஆனால் இப்படிப்பட்ட பட்டியல்கள் நூறு கை மாறி வரும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் உதிர்கிறது. எது உதிர்கிறது, எது தங்குகிறது என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு அனுப்பும்போது சங்கடம் தராத வரிகள் தங்குகின்றன. பொறுமை, பணிவு, நாவடக்கம், சிக்கனம் எல்லாம் அப்படித் தங்கியவை. குற்றவாளி தப்பும்போது தண்டிக்கப்படுவது நீதிபதிதான் என்ற கருத்தில் பப்ளிலியஸ் வரி ஒன்று உண்டு. 1802இல் தொடங்கிய எடின்பரோ ரெவ்யூ என்கிற விமர்சன இதழ் அதையே தன் முகப்பு வாசகமாக வைத்துக்கொண்டது. அந்த அளவு பேர்போன வரி. அதுவும் ஐம்பதில் இல்லை.

பொறுமை பற்றிய அந்த மூன்றாவது வரியையும் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்க்கவேண்டும். அதன் பாரம் முழுக்க 'மாற்ற முடியாதது' என்ற சொல்லில் இருக்கிறது. வயசாவதை மாற்ற முடியாது. புயலை மாற்ற முடியாது. 2011 டிசம்பரில் தானே வந்தபோது கடலூரில் யாருக்கும் அதைப் பாடம் நடத்தத் தேவைப்படவில்லை. கார்ட்ரிஜ் அந்த வகையில் சேராது. அதை மாற்றலாம். மாற்றுவதற்கென்றே திருகு வைத்துச் செய்தது அது. இதைச் சொன்னபோது தம்பி போனில் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தான்.

ஆனால் அடிமை வாய் என்பதாலேயே அடிமை பக்கமா?

இதுவரை எழுதியதைப் படித்தால், ஆஹா, அடிமையின் கலகக் குரலை முதலாளிகள் களவாடிவிட்டார்கள் என்று ஒரு அழகான முடிவுக்கு வரத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்புறம் மக்ரோபியஸில் இன்னொரு சம்பவத்தைப் படித்தேன்.

பப்ளிலியஸ் சிறுவனாக இருந்தபோது அவன் எஜமானனுக்கும் மேலே இருந்த ஒரு பெரியவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டான். முற்றத்து வெயிலில் ஒரு அடிமை படுத்துக்கிடந்தான். உடம்பில் நீர்கோத்து வீங்குகிற நோய் அவனுக்கு. வெயிலில் என்ன பண்ணுகிறான் என்று அந்தப் பெரியவர் அதட்டினார். பப்ளிலியஸ் முந்திக்கொண்டு, தண்ணீர் காயவைக்கிறான் என்கிற மாதிரி ஒரு பதில் சொன்னான். பெரியவருக்கு ஒரே சிரிப்பு. இப்படிப்பட்ட சாமர்த்தியத்தால்தான் அவனுக்குப் படிப்பும் விடுதலையும் கிடைத்தன.

சக அடிமையின் வீங்கிய உடம்பை வைத்து அடித்த ஜோக் அது. அது அவனை மேலே ஏற்றிவிட்டது. வெயிலில் கிடந்தவன் என்ன ஆனான் என்று யாரும் எழுதவில்லை.

அதனால் 'கீழே இருந்து வந்த வாக்கு' என்பதாலேயே ஒன்றைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. மேலே இருப்பவரைச் சிரிக்கவைக்கத் தெரிந்தவன் பேச்சுதான் பல சமயம் பிழைத்து வருகிறது. இன்னொரு முன்னாள் அடிமை ஃபீட்ரஸ், விலங்குக் கதைகளை லத்தீனில் பாட்டாக எழுதியவர். அடிமைகள் நேரடியாகச் சொல்லப் பயந்ததைச் சொல்லத்தான் இந்தக் கதை வடிவமே உண்டானது என்று அவர் தன் நூலில் சொல்கிறார். ஒளித்துச் சொல்வதற்கும் ஒத்து ஊதுவதற்கும் ஒரே வடிவம் பயன்பட்டிருக்கிறது. எது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் படிக்கிறவர் வேலை.

கேட்டோ விற்கச் சொன்ன சாமான்கள்

அடுத்த 'ஞானி' கேட்டோ. கேட்டோவின் ஈரடிகள் என்ற நூலை எழுதியது யார் என்றே தெரியாது. கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டு வாக்கில் தொகுக்கப்பட்டது. கண்டிப்புக்குப் பேர்போன பழைய கேட்டோவின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். முன்னால் ரெண்டு மூன்று சொல்லில் முடிகிற கட்டளைகள், பெற்றோரை நேசி என்கிற மாதிரி. அப்புறம் ஈரடிப் பாட்டுகள், நான்கு பாகம். ஐரோப்பாவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பிள்ளைகள் இதை வைத்துத்தான் லத்தீன் கற்றார்கள். 1735இல் பிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை அச்சிட்டிருக்கிறார்.

படிக்கும்போதே நமக்கு ஆத்திசூடி ஞாபகம் வருகிறது. ரெண்டு சொல்லில் கட்டளை, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம், எல்லாரும் மதிக்கிற ஒரு பெரியவர் பெயர். ஔவையார் என்ற பெயரில் ஒருவருக்கு மேல் இருந்திருக்கிறார்கள் என்று நாம் ஒத்துக்கொள்கிற மாதிரியே கேட்டோவும் ஒரு ஆளுக்கு மேல்.

நிஜமான மூத்த கேட்டோ, கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்காரர், சொந்தமாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். விவசாயப் பண்ணையை எப்படி நடத்துவது என்பது பற்றி. முழுதாகக் கிடைக்கிற மிகப் பழைய லத்தீன் உரைநடை நூல் அதுதான். தொடக்கத்திலேயே, பண்ணைக்குச் சொந்தக்காரர் எதையெல்லாம் விற்றுத் தள்ளவேண்டும் என்று ஒரு பட்டியல் வருகிறது. கிழட்டு மாடு, பழைய வண்டி, தேய்ந்த இரும்புச் சாமான்கள், வயசான அடிமை, நோயாளி அடிமை, இன்னும் வேண்டாதது எதுவானாலும். எல்லாம் ஒரே மூச்சில்.

இதைப் படித்து இன்றைக்கு நாம் மட்டும் அதிர்ச்சியடைகிறோம் என்று நினைக்கவேண்டாம். கேட்டோவின் வாழ்க்கையை எழுதிய புளூடார்க்கே, கி.பி. முதல் நூற்றாண்டில் பிறந்தவர், இதைக் கண்டித்திருக்கிறார். தனக்காக உழைத்த மாட்டைக்கூடக் கிழடானது என்பதற்காக நான் விற்கமாட்டேன், மனுஷனை எப்படி விற்பது என்ற தொனியில் எழுதுகிறார். 'அந்தக் காலத்துக்கு அது சரி' என்று சமாதானம் சொல்வதற்கு அந்தக் காலத்து ஆளே இடம் தரவில்லை.

ஃபார்வர்டில் கேட்டோ பெயரில் எட்டு அறிவுரை இருந்தது. எல்லாம் பின்னால் வந்த ஈரடிகளிலிருந்து. ஒழுக்கத்துக்கு ஒருவர், பண்ணைக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் வசதிதான். காண்ட்ராக்ட் முடிந்து, நுரையீரல் சரியில்லை என்று மெடிக்கல் செக்கப்பில் வந்ததும் 'அடுத்த மாசம் கூப்பிடுறோம்' என்று கேட்பாஸை வாங்கி வைத்துக்கொள்கிற ஊரில் உட்கார்ந்து படிக்கும்போது, எனக்கு அந்தப் பண்ணைப் பட்டியல்தான் கேட்டோ சொன்னதிலேயே நேர்மையான பகுதியாகத் தெரிகிறது. அதில் ஒளிவுமறைவு இல்லை.

நம்ம வீட்டுச் சரக்கு

ரோமானியர்களைச் சொல்லிவிட்டு நம்மை விட்டால் நியாயமில்லை.

தமிழ்ப் பழமொழிகளை அச்சில் பெரிய அளவில் தொகுத்தவர்களில் முக்கியமானவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் இருந்த மிஷனரி. அவருடைய தொகுப்பின் 1874ஆம் வருஷப் பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேல் பழமொழிகள், அகரவரிசையில், ஆங்கில மொழிபெயர்ப்போடு. பெரிய உழைப்பு. ஆனால் பப்ளிலியஸுக்கு நடந்ததேதான் இங்கேயும் நடந்தது. சந்தையில் சொன்னது, மாமியார் மருமகளிடம் சொன்னது, பண்ணையார் சொன்னது, பண்ணையாரைப் பற்றிச் சொன்னது எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. சாதியையும் பெண்களையும் இழிவாகப் பேசுகிற பழமொழிகளும் அதே முகத்தோடு 'தமிழர் ஞானம்' ஆகின்றன. 1897இல் டேனிஷ் மிஷனரி ஹெர்மன் ஜென்சன் பொருள்வாரியாகப் பிரித்து ஒரு தொகுப்பு போட்டார். அது கொஞ்சம் பரவாயில்லை. அதிலும் யார் வாய் என்பது தெரியாது.

வாய் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று உதாரணம் சொல்கிறேன். எல்லாம் நாம் தினமும் பேசுவதுதான்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது. இதை உழுதவனே சொன்னால் அது புலம்பல், ஒரு குற்றச்சாட்டும்கூட: இவ்வளவு உழைத்தும் ஒண்ணும் நிற்கவில்லையே, எங்கே போகிறது? ஓவர்டைம் கணக்கு கேட்ட ஆளிடம் காண்ட்ராக்டர் சொன்னால், கணக்குப் பார்க்காதே என்று அர்த்தம். சொல் ஒன்றுகூட மாறவில்லை.

யானைக்கும் அடி சறுக்கும். தோற்றுப்போன ஒருவரைத் தேற்றுவதற்கு இதைவிட நல்ல வாக்கு கிடையாது. ஆனால் பிளாண்டில் ஏதாவது வெடித்தால் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போது யானை என்பது கம்பெனி. அதே பிளாண்டில் ஹெல்பர் ஒருவர் வால்வைத் தப்பாகத் திறந்துவிட்டால் யாரும் யானையை இழுப்பதில்லை. 'கண்ணு எங்கடா வச்சிருந்த' என்றுதான் கேட்கிறார்கள்.

பொறுத்தார் பூமி ஆள்வார். என் ஆயா இதைச் சொன்னது, பள்ளிக்கூடத்தில் அடிதடி பண்ணிவிட்டு வந்த எனக்கு. அது சரியான மருந்து. சிப்காட் பக்கத்து ஊர்களில் நிலத்தடித் தண்ணீர் நிறம் மாறிவிட்டது என்று மனு கொடுக்கப் போனவர்களுக்கும் இதே வாக்கைச் சொன்னவர்கள் உண்டு. பொறுத்தவர்களுக்கு ஆளக் கிடைத்த பூமி எது என்று நான் கேட்கவில்லை.

இதில் பழமொழி நானூறு எனக்கு வித்தியாசமாகப் படுகிறது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று, முன்றுறை அரையனார் பாடியது. ஒவ்வொரு வெண்பாவும் முடிகிற இடத்தில் ஒரு பழமொழி வரும். அதற்கு முன்னால் உள்ள அடிகளில், எந்தச் சூழ்நிலைக்கு, எப்படிப்பட்ட ஆளுக்கு இது பொருந்தும் என்று சொல்லிவிடுவார். பழமொழியைத் தனியாகத் தெருவில் விடாமல் கையைப் பிடித்துக் கூட்டிவருகிற மாதிரி. அவர் சொல்கிற நீதி எல்லாம் இன்றைக்கு நமக்குச் சம்மதமாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் வாதாட இடம் இருக்கிறது. இந்தச் சூழ்நிலைக்கு இது பொருந்தாது என்று எதிர்த்துச் சொல்லலாம். தனி வரியோடு அப்படி வாதாட முடியாது. அது சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

செனெக்காவும் கிட்டத்தட்ட இதைத்தான் ஒரு கடிதத்தில் சொல்கிறார். பொன்மொழிகளைப் பொறுக்கி மனப்பாடம் பண்ணுவது சிறுபிள்ளைகளுக்குச் சரி, வளர்ந்த ஆள் அடுத்தவன் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்காமல் தானாக ஏதாவது சொல்லவேண்டாமா என்று தன் நண்பரைக் கேட்கிறார். இன்றைக்கு பொன்மொழிப் பட்டியல்களில் அதிகம் மாட்டிக்கொண்டிருப்பது அவர்தான் என்பது பாவம்.

காரைக்காடு

இவ்வளவு தூரத்து ரோமை எதற்கு கடலூரோடு முடிச்சுப் போடுகிறாய் என்று கேட்கலாம். சிப்காட்டை ஒட்டி காரைக்காடு என்று ஒரு ஊர் இருக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் போனால் சிப்காட் நிறுத்தங்களோடு சேர்ந்து வரும். அங்கே 1960களில் அகழாய்வு செய்தார்கள். வடக்கே புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் கிடைத்ததைப் போலவே ரௌலட்டட் பானை ஓடுகள், ஆம்போரா சாடியின் துண்டுகள் கிடைத்தன. ஆம்போரா என்றால் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஒயினும் எண்ணெயும் வந்த சாடி. பப்ளிலியஸ் மேடையேறிய காலத்தை ஒட்டி, அவன் ஊர்ப் பக்கத்துச் சரக்கு இங்கே இறங்கியிருக்கிறது. சாடி மட்டும்தான் மிச்சம். அதைத் தலையில் சுமந்து இறக்கிய ஆட்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரிய வழியில்லை.

அந்த மண்ணில்தான் 1980களில் சிப்காட் வந்தது. ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறுபக்கம் உப்பனாறு, நடுவில் சாயம், பூச்சிக்கொல்லி, மருந்து மூலப்பொருள் என்று ரசாயனத் தொழிற்சாலைகள். நாற்றம் தாங்கவில்லை என்று சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் சொன்னபோதெல்லாம் 'அப்படி ஒன்றும் இல்லையே' என்பதே பதிலாக இருந்தது. 2000க்குப் பிறகு ஊர்க்காரர்களே ஒரு கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்தார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தத் திசை, என்ன நாற்றம் என்று எழுதிவைத்தார்கள். ரசாயனத்தின் பெயர் தெரியாது; அதனால் அழுகிய முட்டை, நகப்பாலிஷ் என்று தெரிந்த வாசனைகளின் பேரைச் சொன்னார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். 2004இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் 22 நச்சுப் பொருள்களின் பெயர்கள் இருந்தன. அதற்குப் பிறகுதான் 'நாற்றம்' என்ற பேச்சு அதிகாரிகள் மேஜையில் ஒரு விஷயமாகவே ஏறியது. பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லவரவில்லை. மறுக்க முடியாமல் போனது, அவ்வளவுதான்.

இந்த நாற்ற நோட்டை நான் இலக்கியமாகவே படிக்கிறேன். ஒவ்வொரு பதிவும் பப்ளிலியஸ் வரி அளவுதான் இருக்கும். ஆனால் அதில் வாய் யாருடையது என்று தெரியும், நேரம் தெரியும், காற்று வந்த பக்கம் தெரியும். கிழித்து வேறு இடத்தில் ஒட்டினால் அர்த்தம் போய்விடும். பொன்மொழிக்கு நேர் எதிரான ஒரு வாக்கியம் அது. எங்கேயும் பொருந்தாது, ஒரே இடத்தில் மட்டும் பொருந்தும்.

பொன்மொழியே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயா கையில் வைத்திருந்த புத்தகம் பழமொழிதான். அதை எந்த நேரத்தில், யாரிடம் எடுக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் அந்தப் பாதியைத் தொலைத்துவிட்டு மீதியை மட்டும் ஃபார்வர்டு பண்ணுகிறோம்.

தம்பியிடம் சொன்னது

எல்லாவற்றையும் சுருக்கி அவனிடம் சொன்னேன். அந்த விட்டுப்போன வரியை, பழைய அநியாயத்தைப் பொறுத்தால் புதியது வரும் என்பதை, குரூப்பில் போடட்டுமா என்று கேட்டான். போடு என்று வாய்வரை வந்துவிட்டது. அப்புறம் யோசித்தேன். அதைப் போட்டால் மறுநாள் கேட்டில் நிற்கப்போவது அவன், நான் இல்லை. வாயும் காதும் முக்கியம் என்று இவ்வளவு எழுதிவிட்டு, என் வரியை அவன் வாயில் வைப்பது சரியா? "உன் இஷ்டம்டா" என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் கோழைத்தனமான பதில்தான்.

அவன் போடவில்லை. ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினான். மூன்று பேர் கையெழுத்து. கார்ட்ரிஜ் டப்பாவைப் பிரித்த தேதி, அன்றைக்கு எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தார்கள், எந்த ரியாக்டர் பக்கம், எப்போது உள்ளே வாசனை தெரிந்தது, அன்றைக்கு யாரிடம் சொன்னார்கள். ஒரு நாளைக்கு ஒரு வரி.

"இது யாரு சொன்னதுன்னு கேட்டா காட்டலாம்ல" என்றான்.

கார்ட்ரிஜ் இன்னும் வரவில்லை. நோட்டில் பன்னிரண்டு பக்கம் ஆகியிருக்கிறது.